வளைகோல் காண ஒரு பயணம்

பயணம் சென்று வந்ததைப் பற்றி எழுதியோர் பலர். செல்வதற்கு முன் வீட்டில் நடைபெறும் ஆயத்தங்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் நம் முன்னோர் அதனையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கி வைத்தனர். ஆற்றுப்படை என்பது என்ன? சென்று வந்த ஒருவன், இனிச் செல்லவிருக்கும் ஒருவனுக்கு வழி சொல்வது. எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, என்ன உணவு கிடைக்கும், எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பன எல்லாம் அதில் வரும். மலைபடுகடாம் பாம்புகள் உறையும் இடங்களையும், தினைப்புனம் காப்போர் பரண்மீதிருந்து எறியும் கவண்கற்களையும் சொல்லிக் கூத்தரை எச்சரிக்கிறது. முதுகலை வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவியர் சிரிப்பர். சென்ற 2025ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில், நால்வர் சென்னைக்குச் சென்று ஒரே ஒரு வளைகோல் பந்தாட்டம் பார்த்துத் திரும்புவதற்குத் திட்டமிட்டபோது, அப்புலவரின் கவலை எத்துணை நியாயமானது என்பதை நான் உணர்ந்தேன்.

நால்வர் எனில், என் அத்தா, என் கணவர், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் மகள், நான். காண விரும்பியது ஹாக்கி இந்தியா லீக் எனப்படும் தொழில்முறைப் போட்டியின் தொடக்க ஆட்டம். 2026 சனவரி 3, சனிக்கிழமை, சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் ஹைதராபாத் தூஃபான்ஸ் அணியும் மோதுவதாக அட்டவணை கூறிற்று. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதோ 5ஆம் நாள் திங்கட்கிழமை. இடையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. இறைவன் அளந்து கொடுத்தாற்போல அமைந்த இரண்டு நாட்கள்.

இப்போட்டியைப் பற்றி அறியாதவர்க்காகச் சிறிது சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் ஐ.பி.எல். போல வளைகோல் பந்தாட்டத்தில் 2013இல் இந்த லீக் தொடங்கிற்று. ஏலத்தில் வீரர்கள் எடுக்கப்பட்டனர். ஆஸ்திரேலியரும் ஜெர்மானியரும் நம் வீரர்களோடு ஒரே அணியில் நின்று விளையாடினர். 2017க்குப் பின் நின்று போய், ஏழாண்டுகள் கழித்து 2024 திசம்பர் 28இல் ரூர்கேலாவில் மீண்டும் உயிர் பெற்றது. முதல் ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டின் பெயரால் ஓர் அணிகூட இருந்ததில்லை. புத்துயிர் பெற்றபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது. வந்த முதற் பருவத்திலேயே அரையிறுதி வரை சென்று, வங்காளப் புலிகளிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. அந்த ஆட்டங்கள் எல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தமையால் நமக்குத் தொலைக்காட்சியே கதியாயிற்று. அடுத்த பருவத்திற்குச் சென்னையும் ஒரு களம் என்ற செய்தி வந்த அன்று, என் மகள் நாளிதழைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம்பி வீட்டுக்கு ஓடினாள். அவளுடைய நன்னா அங்கேதான் இருக்கிறார்.

மதுரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2025 நவம்பர் 28 முதல் திசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. இருபத்து நான்கு நாடுகள் கலந்துகொண்ட முதல் இளையோர் உலகக் கோப்பை அது. இந்தியா சுவிட்சர்லாந்தை மதுரையில்தான் எதிர்கொண்டு வென்றது. புதுக்கோட்டையிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் இரவில் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவு. ஆயின் எனக்குப் பருவத்தேர்வு மேற்பார்வைப் பணி. மகளுக்கும் அரையாண்டுத் தேர்வு நெருங்கிக் கொண்டிருந்தது. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை. ஆகவே மதுரை கைநழுவிற்று. இறுதியில் ஜெர்மனி ஸ்பெயினை வென்று கோப்பையையும், இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்ற கணக்கில் வென்று வெண்கலத்தையும் பெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று இரவு என் மகள் என்னோடு பேசவில்லை.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் தாருங்கள். தமிழாசிரியை என்பதால் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். ஹாக்கியை வளைகோல் பந்தாட்டம் என்று மொழிபெயர்த்தவர் யாராயினும் நல்ல காரியம் செய்தார். எனினும் நம்மிடம் இதற்கு நெருங்கிய பழஞ்சொல் ஒன்று உண்டு. அது செண்டு. நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் மண்குதிரைகள் புடைசூழ அமர்ந்திருக்கும் ஐயனார் கையில் நுனி வளைந்த கோல் ஒன்று இருக்கிறதே, அதன் பெயர் செண்டு. மன்னார்குடி இராசகோபாலன் கையிலும் அதுவே. உக்கிரகுமார பாண்டியன் மேருமலையைச் செண்டால் அடித்த கதையைத் திருவிளையாடற் புராணம் தனிப்படலமாகவே பாடுகிறது. இதை ஒருநாள் அத்தாவிடம் சொன்னேன். "அப்ப பெனால்டி கார்னர் மொதல்ல அடிச்சது பாண்டியன்தான்னு சொல்லு" என்றார்.

அத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. அவருக்கு இப்போது எழுபத்தேழு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய்ப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் கல்லூரி மாணவராய் இருந்த காலத்தில் ரைட் ஹாஃப் நிலையில் விளையாடியவர். செம்மண் தரையில், கால்சட்டை முழுதும் சிவப்பேறி விடுதிக்குத் திரும்பியதைப் பெருமையாகச் சொல்வார். 1975 மார்ச் 15இல் கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, தெருவே ஒரு வானொலிப் பெட்டியின் முன் நின்றதாம். சுர்ஜித் சிங் சமன் செய்ததும், அசோக்குமார் வெற்றிக் கோலை அடித்ததும் அவருக்கு மனப்பாடம். அதற்கு முந்தைய அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிராக, தோல்வியின் விளிம்பில், மாற்று ஆட்டக்காரராய் இறங்கிய அஸ்லம் ஷேர்கான் பெனால்டி கார்னரைக் கோலாக்கியதை அவர் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அந்த அணியில் நம் ஊர்க்காரர் விக்டர் பிலிப்ஸ் இருந்தார் என்பதையும், 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குச் சென்னையின் பாஸ்கரனே தலைவர் என்பதையும் மறவாமல் சேர்ப்பார். இத்துணையும் செவிவழி அறிந்தவையே. உலகத் தரத்தில் ஓர் ஆட்டத்தைக் களத்தின் ஓரம் அமர்ந்து அவர் பார்த்ததே இல்லை.

பார்த்திருக்க வேண்டியவர். 1996 திசம்பரில் சென்னையில் சாம்பியன்ஸ் டிராபி நடைபெற்றது. எழும்பூரில் இதே அரங்கம். தன்ராஜ் பிள்ளை ஆடினார். சென்னைப் பிள்ளை முகமது ரியாஸ் ஆடினார். அத்தா விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, அலுவலக நண்பர் ஒருவரோடு போவதென்று முடிவு செய்திருந்தார். அந்த மாதம்தான் திருச்சியில் இளங்கலைத் தமிழ் பயின்ற எனக்கு விடுதிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. விடுதிக்கு வந்து பணத்தைக் கட்டிவிட்டு, எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். சென்னைப் பயணம் நின்றதை அவர் என்னிடம் சொன்னதில்லை. பல்லாண்டுகள் கழித்து, மறைந்த என் அம்மா ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

பிறகு ஏன் போகவில்லை? 2005லும் சாம்பியன்ஸ் டிராபி அங்கே நடந்தது. 2007இல் ஆசியக் கோப்பையை இந்தியா அங்கேதான் வென்றது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் மலேசியாவை 4-3 என வீழ்த்தியதும் அங்கேதான். ஒவ்வொரு முறையும் ஒரு திருமணம், ஒரு மருத்துவமனை, ஒரு தேர்வு. நடுத்தரக் குடும்பத்துக் கதை உங்களுக்குத் தெரியாததன்று.

இனியும் ஒத்திப்போட முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அத்தாவுக்குக் கண் நீரழுத்த நோய். கிளாக்கோமா என்பர். இந்நோய் ஓசையின்றி வரும். வலி இராது. பார்வையின் ஓரங்களை முதலில் தின்னும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் நோயாளிக்கே தெரியாது. அத்தாவின் இடக்கண் ஏற்கெனவே போய்விட்டது. வலக்கண்ணில் எஞ்சியிருப்பது ஒரு குழாய் வழியே பார்ப்பது போன்ற பார்வை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பதற்கே இந்தச் சொட்டு மருந்து என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சென்ற ஆண்டு செய்தித்தாளின் தலைப்புகளைப் படித்தவர், இந்த ஆண்டு அதையும் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அடுத்த குளிர்காலத்தில் டிராகன்ஸ் அணி மீண்டும் சென்னைக்கு வரலாம். அத்தாவின் கண் வருமா என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் இதில் உடன்பாடில்லை. அத்தாவைச் சுமை என்று அவர்கள் நினைப்பதாக யாரும் எண்ண வேண்டா. பார்த்துப் பார்த்துக் கவனிப்பவர்கள் அவர்களே. "கூட்டத்துல படி தட்டி விழுந்துட்டாங்கன்னா என்ன செய்வீங்க லாத்தா?" என்று தம்பி மனைவி கேட்டாள். மறுமொழி என்னிடம் இல்லை. அத்தாதான் பதில் சொன்னார்: "இங்க வீட்டு வாசப்படிலயும் விழலாம்மா."

என் மாமிக்கு வேறு வகையான தடை. "ஒரு பந்தடிக்கிறதப் பாக்கப் பட்டணம் வரைக்கும் போவணுமா? வயசுப் புள்ளைய வேற கூட்டிக்கிட்டு!" ஏறத்தாழ 390 கிலோமீட்டர். மாமியின் கணக்கில் அது வேலூருக்கு மருத்துவம் பார்க்கப் போகும் தொலைவு. அதற்குக் குறைந்த காரணத்துக்கு யாரும் அத்துணைத் தொலைவு போவதில்லை. உண்மையான மனக்குறை பேத்தி பள்ளி அணியில் மட்டை பிடிப்பதுதான் என்பது எங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு அதை நிறுத்திவிட வேண்டும் என்ற பேச்சு வீட்டில் ஓராண்டாக ஓடுகிறது. கீழ ராஜ வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர் இருபக்கமும் பேசாதவர். மாமி பேசும்போது கேட்டுக்கொள்வார். மகள் மட்டைக்குப் புதிய பிடிச்சுற்று கேட்டால் மறுநாளே வாங்கி வருவார். அவரது நிலைப்பாட்டை அவரவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது ஆற்றுப்படைக்கு வருவோம். தொடர்வண்டியில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்னரே தொடங்கும் என்று ஆயிற்று. அதற்கு முன் நூற்றிருபது நாட்கள். நாங்கள் முடிவெடுத்தபோது இராமேசுவரத்திலிருந்து புதுக்கோட்டை வழியாகச் செல்லும் வண்டிகளில் புத்தாண்டுக் கூட்டமும் மார்கழி யாத்திரைக் கூட்டமும் இடம் பிடித்துவிட்டன. வெள்ளி இரவுக்கு இரண்டு படுக்கைகள் உறுதியாயின. இரண்டு காத்திருப்போர் பட்டியலில். முதியோர்க்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். கீழ்ப்படுக்கை மட்டும் கிடைத்தது, நல்ல வேளை. போதாததற்கு, எழும்பூர் நிலையத்தின் மறுசீரமைப்புப் பணிகளால் 2025இல் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்பட்டிருந்தன. நம் வண்டி எதுவரை போகும் என்பதை நாளும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எழும்பூர் வரை போனால் அரங்கம் நடந்தே செல்லும் தொலைவு. தாம்பரம் என்றால் மின்தொடர்வண்டியில் ஏறி இறங்க வேண்டும். அந்த ஏறி இறங்கலே அத்தாவுக்குக் கண்டம்.

பேருந்தில் போகலாமே என்றார் கணவர். இரவு முழுதும் ஓடும் பேருந்தில், எழுபத்தேழு வயதில், நினைத்தபோது கழிப்பறைக்குப் போக முடியாது. அந்த யோசனை அத்துடன் முடிந்தது. உறுதியான இரண்டு படுக்கைகளில் யார் போவது என்ற கேள்வி எழுந்தபோது வீடு சிறிது நேரம் அமைதியாயிற்று. அத்தா போக வேண்டும். அவரைத் தனியே விட முடியாது. உடன் செல்வது நானா, என் கணவரா, மகளா? "நான் வரலம்மா, நன்னாவோட நீங்க போங்க" என்று மகள் சொன்னாள். இளையோர் கோப்பைக்காக என்னோடு பேசாமலிருந்தவள் இப்படிச் சொன்னது எனக்கு வியப்பு. பிறகு தட்கல் என்றொரு வழி இருக்கிறது, அதையும் முயல்வோம் என்று கணவர் பேச்சை முடித்து வைத்தார்.

அரங்கில் எங்கே அமர்வது என்பது அடுத்த ஆராய்ச்சி. தெரிந்தவர்கள் எல்லாரும் கீழ் வரிசை என்றனர். களத்தருகே இருந்தால் பந்து மட்டையில் படும் ஓசைகூடக் கேட்குமாம். அத்தா மறுத்தார். குழாய்ப் பார்வைக்கு அருகாமை பயன்படாது. அருகிலிருந்தால் ஓர் ஆட்டக்காரரின் முழங்கால்தான் தெரியும். தள்ளி, உயரத்தில் இருந்தால் அதே குழாய்க்குள் களத்தின் பாதி அடங்கும். இதை அவர் தம் கையைச் சுருட்டிக் கண்ணில் வைத்து எங்களுக்கு விளக்கினார். ஆகவே மேல் வரிசை. ஆனால் மேல் வரிசைக்குப் படிகள். முழங்கால் வலி, ஓரம் தெரியாத கண், படிகள். கூட்டம் சேருமுன்பே சென்று, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. மின்விளக்குகளின் கூச்சத்துக்கு நெற்றிமறைப்புள்ள தொப்பி ஒன்று வாங்கினோம். அத்தா அதைத் தொழுகைத் தொப்பியின் மேல் வைத்துப் பார்த்துத் தம்மைத்தாமே கேலி செய்துகொண்டார். இரவு ஒன்பது மணிக்கு விட வேண்டிய சொட்டு மருந்தை அரங்கிலேயே விடுவதென்றும், அது என் கைப்பையில் இருப்பதென்றும் ஏற்பாடு. தொழுகை பயணத்தில் சுருங்கும். உணவு, திருவல்லிக்கேணியில் சின்னம்மா வீட்டில். தங்குவதும் அங்கேயே.

இவ்வளவு ஏற்பாட்டிலும் நான் நின்று பார்த்தது ஒன்றை மட்டுமே. திசம்பர் விடுமுறை தொடங்கியது முதல் மாலைதோறும் என் மகள் தம்பி வீட்டுக்குச் செல்வாள். முந்தைய பருவத்து ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் ஓடவிட்டு, ஓசையை நிறுத்திவிட்டு, அவளே நன்னாவுக்கு வருணனை சொல்வாள். அரங்கில் அவர் காதருகே சொல்வதற்கான ஒத்திகை அது. முதல் நாள் அவள் வானொலி வருணனையாளரைப் போல மூச்சுவிடாமல் சொன்னாள். பந்து இடப்பக்கம் போகிறது, நடுவில் வருகிறது, தட்டிவிட்டான், எடுத்துவிட்டான் என்று. அத்தா சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பந்து எங்க இருக்குன்னு சொல்லாத தங்கம். அது எனக்குத் தெரியுது. பந்து இல்லாத பக்கம் எவன் காலியா நிக்கிறான்னு சொல்லு."

அவருக்குத் தெரியாதது ஓரங்கள்தாமே! அன்றிலிருந்து அவள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். "வலது ஓரம் ஆளில்லாம இருக்கு நன்னா." "நம்ம ஹாஃப் பேக் மேல ஏறிட்டான், பின்னால காலி." "இப்ப நடுவுல ரெண்டு பேரு ஒருத்தனையே பிடிச்சிருக்காங்க." இப்படியே நாள்தோறும். ஒருநாள் அத்தா அவளை நிறுத்தி, "நீ எந்த எடத்துல ஆடுற?" என்று கேட்டார். ஃபார்வர்டு என்றாள். "உன் பி.டி. டீச்சர்ட்ட கேட்டு ஹாஃபுக்கு வா. உனக்கு எடம் தெரியுது" என்றார். பத்தாம் வகுப்போடு நிறுத்துவது பற்றிய பேச்சு அவர் காதுக்கு வந்ததா இல்லையா, நான் கேட்கவில்லை. மாமி அப்போது அங்கே அமர்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்கள்.

புதிய விதிகளையும் அவளே அவருக்குப் படிப்பித்தாள். அத்தா ஆடிய காலத்தில் முப்பத்தைந்து நிமிடங்களாக இரண்டு பாதிகள். இப்போது பதினைந்து நிமிடங்களாக நான்கு கால்பகுதிகள். ஆஃப்சைடு விதி 1990களின் பிற்பகுதியில் நீக்கப்பட்டுவிட்டது. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். தரையோ புல்லன்று, நீர் தெளித்த நீலநிறச் செயற்கை விரிப்பு. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அந்த விரிப்பு வந்தபோதுதான் இந்தியா ஏழாமிடத்துக்குச் சரிந்தது என்று அத்தா அதன்மீது நீண்டகாலப் பகை வைத்திருந்தார். நீலவிரிப்பில் பந்து நன்றாகத் தெரிகிறது என்பதால் அப்பகையை அண்மையில் தளர்த்திக்கொண்டார். அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலடித்ததையும், முதற் பருவத்தில் டிராகன்ஸ் அணியில் இருந்ததையும் மகள் சொன்னபோது, "அரியலூரா? நம்ம பக்கத்து ஊருல்ல!" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள் ஆம் என்றாள்.

சனவரி 1ஆம் நாள் பகல் பதினொரு மணிக்கு, கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, என் கணவர் கைப்பேசியோடும் ஆதார் அட்டையோடும் அமர்ந்து தட்கலில் முயன்றார். ஒன்று கிடைத்தது. மற்றொன்றுக்கு, பட்டியலில் காத்திருந்த ஓர் எண் வெள்ளிக்கிழமை பகலில் உறுதியாயிற்று என்று செய்தி வந்தது. நால்வருக்கும் இடம் கிடைத்தது. அத்தாவின் கீழ்ப்படுக்கைக்கு மேல் என் மகள். நானும் கணவரும் வெவ்வேறு மூலைகளில்.

வெள்ளி இரவு பனி இறங்கிவிட்டிருந்தது. மாமி ஒரு தூக்குவாளியில் இடியாப்பமும், தனியே தேங்காய்ப்பாலும் கொடுத்தனுப்பினார்கள். "புள்ளைக்குக் காதுல மப்ளரக் கட்டி வுடு" என்று என்னிடம் சொன்னார்கள். புதுக்கோட்டை நிலையத்தில் அத்தா தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். வண்டி நடைமேடைக்குள் வந்தபோது, "எந்தப் பக்கம் காலியா இருக்கு?" என்று கேட்டார். "இடது பக்கம் நன்னா, இன்னும் நாலு பெட்டி தள்ளி" என்று கூறி, அவர் தோளைப் பற்றி என் மகள் முன்னே நடந்தாள்.